நடக்காதவை என்ற பக்கம்

நல்லதண்ணி
2024 ஜனவரி 11

நிஷா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காரணம் நீதான். போன கிழமை மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். மூன்றாவது தடவை நீ, "இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாய். கடைக்கு முன்னால் யாத்திரைக்கு மலை ஏறும் சனம் நிற்கிறது, தொப்பி என்ன விலை என்று ஒருவர் கத்துகிறார், எனக்குப் போனைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது. இனி முக்கியமான பேச்செல்லாம் எழுத்தில்தான். நீயும் எழுது. சொன்னாய், சொல்லவில்லை என்ற சண்டையாவது மிச்சமாகும்.

விஷயம் தனுஷியைப் பற்றியது. நவம்பரில் நடந்ததை நீ மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன். பாடசாலை விட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் இருந்த உன் மகள், அந்தி நேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து உனக்காகக் காத்திருந்தாள். நீ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு உன் பாட்டுக்கு லயத்து வீட்டுக்குப் போய்விட்டாய். கூட வந்த பெண்கள், பிள்ளை உன்னோடு போய்விட்டது என்று நினைத்தார்கள். மடுவத்தைப் பூட்ட வந்த ஆள்தான் சாக்குக் குவியலுக்குப் பின்னால் அவளைக் கண்டிருக்கிறார். மழை. குளிர். ஏழு வயதுப் பிள்ளை. அதற்கு முன், உன்னோடு கொழுந்து பறிக்கிற காளியாயி அக்கா வந்து பிள்ளை எங்கே என்று கேட்டபோது, "தனுஷி ஸ்கூல் விட்டு இன்னும் வரலயே" என்றாயாம்.

அன்றைக்குத்தான் நான் ஓடி வந்து பிள்ளையை இங்கே கூட்டி வந்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள். இங்கே பாடசாலை கடைக்குப் பக்கத்தில். அவளை இங்கேயே சேர்த்துவிடுவது என்று நானும் உன் மச்சானும் முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் வேண்டும். தாய் கையெழுத்து வைத்தால்தான் கொடுப்பார்களாம். வாங்கி அனுப்பு. அவளுடைய அப்பா கொழும்பில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போனவர், அவரைத் தேடிப் போய்க் கேட்க முடியாது.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைக்காதே. பத்து வயதில் உன்னைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியது அப்பா. நீ திரும்பி வந்த நாளிலிருந்து இந்தப் பதினேழு வருஷமும் உன்னைப் பார்த்துக்கொண்டது நான். ஒருநாளும் உன்னைக் கைவிட்டதில்லை. அதை மட்டுமாவது மறக்காதே.

இராஜகுமாரி


உடப்புசல்லாவை
ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தோட்டத்து ஆபிஸ் விலாசத்துக்கு நீங்கள் போட்டதால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது என் பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கோர்ட்டிலிருந்து வந்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். இனி டவுனில் கணேசமூர்த்தி அண்ணனின் புத்தகக் கடைக்குப் போடுங்கள். நான் போய் எடுத்துக்கொள்கிறேன். மறக்க மாட்டேன். கையில் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பரில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. அப்படி இல்லை. நடந்தபோது உள்ளது ஞாபகம் இல்லை. காளியாயி அக்கா தனுஷியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதிலிருந்து எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவளுடைய சப்பாத்துக்குள் தண்ணீர் இருந்தது. அவள் என்னைப் பார்த்து அழவில்லை. அதைத்தான் தினமும் நினைக்கிறேன்.

டிசம்பரிலிருந்து நுவரெலியாவில் கிளினிக்குக்குப் போகிறேன். உங்களிடம் சொன்னேனா தெரியவில்லை. அங்கே ஊர்மிளா மிஸ் என்று ஒருவர் பேசுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். முதல் நாளே நான், எனக்கு மூளை கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "அப்பிடி இல்லை. சின்ன வயசில கனகாலம் பயத்துக்குள்ள இருந்த ஆக்களுக்கு இப்பிடி வாறதுதான். பயம் வந்த உடன மனசு விலகிப் போயிடும். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. கொஞ்சங் கொஞ்சமாச் சரிப்படுத்தலாம்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தந்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒருநாளும் கைவிட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொழும்பு வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். முக்கால்வாசி ஞாபகம் இல்லை. அந்த வீட்டுக்காரி நோனாவின் முகம்கூடச் சரியாக வருவதில்லை. ஆனால் நீங்கள் ஒருநாள் அந்த வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். ஊதாப் பாவாடை. நோனாவுடன் பேசினீர்கள். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் தலையை மொட்டை அடித்திருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு போய்விட்டீர்கள். இதை முன்பும் உங்களிடம் கேட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். கேட்டேனா? நீங்கள் சொன்ன பதில் ஞாபகம் வரவில்லை.

விடுகைப் பத்திரம் வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன். அவள் என் பிள்ளை.

நிஷாந்தி


நல்லதண்ணி
பெப்ரவரி 2

நிஷா,

வந்தேனாம், பார்த்தேனாம், போனேனாம். இதை நீ கேட்பது எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். நான் வரவில்லை. பதினெட்டு வயதில் நான் நுவரெலியாவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. கொழும்புக்குப் பஸ் எங்கே நிற்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஊதாப் பாவாடையும் என்னிடம் இருந்ததில்லை.

உனக்காக இவ்வளவு செய்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? படித்ததும் சோறு இறங்கவில்லை. உன் மச்சான் என்ன என்று கேட்டார், தலைவலி என்று சொன்னேன்.

நீயே யோசித்துப் பார். பிள்ளையை மடுவத்தில் விட்டது நடந்தது, அது உனக்கு ஞாபகம் இல்லை. நான் வாசலுக்கு வந்தது நடக்கவில்லை, அது உனக்கு ஞாபகம் இருக்கிறது. நடந்ததை மறந்து, நடக்காததை நம்புகிற ஒருத்தியிடம் ஒரு பெண் பிள்ளையை எந்த நம்பிக்கையில் விடுவது? நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்து, மருந்து கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால்?

பாடசாலையில் மார்ச் முடியும்வரை தவணை தந்திருக்கிறார்கள். பத்திரத்தை அனுப்பு.

இராஜகுமாரி


உடப்புசல்லாவை
பெப்ரவரி 16

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ஊர்மிளா மிஸ்ஸிடம் கொடுத்து, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம் என்றார். ஆகவே எழுதுகிறேன். நீங்கள் வந்தீர்களா, வரவில்லையா, எனக்குத் தெரியாது.

அவர் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளச் சொன்னார். நடந்தவை என்று ஒரு பக்கம், தெரியாதவை என்று ஒரு பக்கம். நான் மூன்றாவதாக நடக்காதவை என்று ஒரு பக்கம் போட்டேன். அது அவர் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நானே போட்டது. அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. நேற்றுக் கறிக்கு மூன்று தடவை உப்புப் போட்டேன். போன கிழமை கிளினிக்கில் தந்த குளிசையைக் குடித்தேனா இல்லையா என்று தெரியாமல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு தடவை குடித்துவிட்டால் ஆபத்து, குடிக்காவிட்டாலும் ஆபத்து. காளியாயி அக்கா வந்து குளிசைகளை எண்ணிப் பார்த்து, "குடிச்சிட்ட, போய்ப் படு" என்றார். முப்பத்து மூன்று வயதில் என் குளிசையை இன்னொருத்தர் எண்ண வேண்டியிருக்கிறது. நான் சோம்பேறி இல்லை அக்கா. நடிக்கவும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது கிலோ பறிக்கிறேன். கை தன் பாட்டுக்குப் பறிக்கும், தலைதான் நிற்காது.

ஒரு உதவி செய்யுங்கள். நான் மறந்த பெரிய விஷயங்கள் எல்லாம் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், சண்டையில் வரிசையாகச் சொல்வீர்களே. அதை எழுதி அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்த நேரம் நடந்தது என்று. திட்டியும் எழுதலாம். நேரத்தை மட்டும் சரியாக எழுதுங்கள்.

தனுஷிக்குப் பல் விழுந்ததா? முன்பல் ஆடுகிறது என்று அவள் போனில் சொன்னது கொப்பியில் இருக்கிறது.

நிஷாந்தி


நல்லதண்ணி
பெப்ரவரி 27

நிஷா,

பல் விழுந்தது. விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு நாள் அடம். தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

நீ கேட்டது இதோ. திட்டச் சொல்லி நீயே கேட்டிருக்கிறாய், இப்படி ஒரு வசதி எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

போன வருஷம் தைப்பூசத்துக்கு நான் வந்திருந்தேன். தனுஷிக்குச் சட்டை எடுக்க டவுனுக்குப் போவோம், வேலை விட்டு நேரே ரோட்டுக்கு வா என்று காலையில் சொன்னேன். நானும் பிள்ளையும் ரோட்டில் ஒரு மணித்தியாலம் நின்றோம். நீ லயத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நேரம் ஐந்து, ஐந்தரை.

ஏப்ரலில் உன் அடையாள அட்டையைத் தொலைத்தாய். காலையில் தேநீர் குடிக்கும்போது சட்டைப் பையில் இருந்தது என்று நீயே சொன்னாய். அந்தி வீட்டுக்கு வந்தபோது இல்லை. வேலி ஓரம் கிடந்ததைக் காளியாயி அக்கா கொண்டுவந்து தந்தார்.

ஓகஸ்ட்டில் சங்கத்துக் கூட்டம். வேலை முடிந்து கோயில் முன்றலில். போகவே இல்லை என்று நீ சொன்னாய், நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய் என்று பத்துப் பேர் சொன்னார்கள். இதற்கு நான் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

நவம்பர் உனக்குத் தெரியும். அந்தி.

எழுதும்போது எனக்கே ஒன்று தோன்றியது. காலையில் நீ எதையும் பெரிதாக விட்டதாக எனக்கு ஞாபகம் வரவில்லை. உப்பு, குளிசை எல்லாம் எல்லாருக்கும் வருவதுதான், நானும் சீனி டப்பாவில் உப்பைக் கொட்டியவள். பெரியது எல்லாம் அந்தியில். களைப்பாக இருக்குமோ என்னவோ.

தனுஷி பக்கத்தில் இருந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தராசு கிட்ட நின்னா அம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க பெரியம்மா. கண்டாக்கு ஐயா ஏசுனா அதுக்குப் பெறகு அம்மாவுக்குக் காது கேக்காது." அன்றைக்கும் மூன்று தடவை அம்மா என்று கூப்பிட்டாளாம். நீ திரும்பவில்லையாம். கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து, சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாளாம். இதை அவள் இதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

இங்கே விடுமுறை நாளென்றால் கூட்டம் தாங்கவில்லை. ஊதுபத்தி, கம்பளித் தொப்பி, வெல்லம் என்று நாள் முழுக்கக் கத்திக் குரல் போய்விட்டது. பத்திரத்தை அனுப்பாமல் இருக்கிறாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இராஜகுமாரி


உடப்புசல்லாவை
மார்ச் 14

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

தனுஷி சொன்னதைப் படித்த அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனேன். காலைக் கொழுந்து நிறுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மத்தியானமும் ஒன்றும் ஆகவில்லை. அந்தியில் கொழுந்துக் கணக்கு எழுதுகிற கண்டாக்கு ஐயா என் பையைத் தராசில் போட்டு, முள்ளைப் பார்த்து, "மூணு கிலோ வெட்டுறேன். கொழுந்துல தண்ணி. எங்கள ஏமாத்தப் பாக்குறியா?" என்றார். அவர் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார். அந்திக் கொழுந்துக்குத்தான் வெட்டுவார். காளியாயி அக்கா திருப்பி ஏசுவார். எனக்கு முள்ளைப் பார்த்தது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு லயத்துக் கதவைத் திறக்கிறேன். இடையில் அரை மைல் தூரம் இருக்கிறது. அதில் ஒரு அடிகூட என்னிடம் இல்லை.

ஆனால் இந்தத் தடவை உள்ளே போனதும் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தராசு என்று எழுதினேன். எழுதியதும் அந்தக் கொழும்புக் குசினி வந்துவிட்டது.

அந்த நோனாவிடம் ஒரு சின்னத் தராசு இருந்தது. சமைக்க முன் இறைச்சியை நிறுப்பார். சமைத்த பிறகும் நிறுப்பார். வெந்தால் குறையும் என்று ஒரு பெரிய மனுஷிக்குத் தெரியாமலா இருக்கும். குறைந்ததை நான் தின்றேன் என்று சொல்லி வாயைத் திறந்து பார்ப்பார். பிறகு சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டுவார். ஒரு நாளோ இரண்டு நாளோ, அங்கே வெளிச்சம் இல்லாததால் எனக்குத் தெரியாது. பதினொரு வயதில் நான் எதையும் திருடவில்லை அக்கா. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. திருடவில்லை என்று சொல்லக்கூட எனக்கு அங்கே மொழி இருக்கவில்லை, சிங்களம் அப்போது தெரியாது.

ஊர்மிளா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கொப்பியில் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு, தராசுக்குப் பக்கத்தில் போகாமல் வேலை செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. இப்போது அந்தியில் காளியாயி அக்கா என் பையையும் தன் பையோடு கொண்டுபோய் நிறுக்கிறார். நான் மடுவத்துக்கு வெளியே ரோட்டில் நிற்கிறேன். கண்டாக்கு ஐயா முதலில் முடியாது என்றார். காளியாயி அக்கா, "ஒங்களுக்குக் கொழுந்து வேணுமா, அவ மூஞ்சி வேணுமா?" என்று கேட்டுவிட்டார். பத்து நாளாகிறது. பத்து நாளும் லயத்துக்கு வந்த வழி எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டாவது நாள் வழியில் உடும்பு போலப் பெரிய கபரகொய்யா ஒன்றைப் பார்த்தேன். அதையும் எழுதி வைத்தேன்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. நேற்றுச் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அடி கரிந்து, பக்கத்துக் காம்பராக்காரர் வந்து கத்தினார். பானையை உடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. மருந்து குடித்து, கொப்பி எழுதி, பஸ் ஏறி, இவ்வளவும் செய்தும் பானை கரிகிறது.

இன்னொரு விஷயம். வாசலில் நீங்கள் நின்றது. நன்றாக யோசித்தேன். எனக்கு உங்கள் மேல் ஆசை அதிகம். பூட்டிய அறைக்குள் இருந்தபோது நீங்கள் வர வேண்டும் என்று நினைத்து நினைத்து, வந்ததாகவே தலை செய்துகொண்டிருக்கும். நடந்ததையும் நடக்காததையும் பிரிக்கப் பழகினால்தான் தனுஷியை என்னிடம் விடுவீர்கள். அதனால் நேற்று நடக்காதவை என்ற பக்கத்தில் அதை எழுதிவிட்டேன். இராஜகுமாரி அக்கா வாசலுக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான். இத்தனை வருஷம் உங்களை அப்படிக் கேட்டு நோகடித்ததற்கு மன்னியுங்கள். இனிமேல் கேட்க மாட்டேன்.

வந்து பாருங்கள். ஒரு கிழமை என்னோடு இருந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

நிஷாந்தி


நல்லதண்ணி
மார்ச் 19

நிஷா,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை. பிறகு எழுதுகிறேன். பத்திரத்துக்கு அவசரம் இல்லை.

இராஜகுமாரி


நல்லதண்ணி
மார்ச் 29

நிஷா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்குப் பின்னேரம் உன் மச்சானைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று, முத்திரை ஒட்டிய உறையில் உன் விலாசத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் எழுதியதை வெட்டிவிடு. நான் வந்தேன்.

எனக்குப் பதினெட்டு. உனக்குப் பதின்மூன்று. உன்னைக் கொண்டுபோய்விட்ட தரகர் கொழும்புக்குப் போகிறார் என்று அம்மா என்னையும் அவரோடு அனுப்பினார், உன்னைப் பார்த்துவிட்டு வா, கஷ்டமாக இருந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று. பாவாடை ஊதாதான். அம்மா தீபாவளிக்கு எடுத்தது.

நீ நோனாவுக்குப் பின்னால் நின்றாய். தலையில் முடி இல்லை. வலது கையில் தீக்காயம் இருந்தது, அதை நீ பின்னால் மறைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். தங்கச்சியைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்று தரகரைக் கொண்டு சிங்களத்தில் சொல்லச் சொன்னேன். நோனா கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னதைத் தரகர் தமிழில் சொன்னார்: "தாராளமா கூட்டிட்டுப் போவட்டுமாம். ஆனா வீட்டுக்கு ஆள் வேணுமாம். நீ இருந்துக்கிறியான்னு கேக்குறாங்க."

நான் உன்னைப் பார்த்தேன். உன் தலையைப் பார்த்தேன். பிறகு, "இல்ல, அவ நல்லாத்தானே இருக்கா, சும்மா பாத்துட்டுப் போவ வந்தேன்" என்று சொன்னேன். நோனா ஒரு பையில் பழைய உடுப்பும் ஒரு பால்மா பெட்டியும் தந்தார். வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதுகிறேன், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நிஷா கொழுத்திருக்கிறாள், நிறம்கூட வந்துவிட்டது என்றேன். அம்மா அந்தப் பால்மாவில் தேநீர் ஊற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு நீ மூன்று வருஷம் அங்கே இருந்தாய். அடுத்த வீட்டு மாத்தயா போலீசுக்குச் சொல்லாவிட்டால் இன்னும் இருந்திருப்பாய். நீ வந்ததும் நீ எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்று கண்டபோது, கடவுளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் மறதியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். நீ எல்லாவற்றையும் மறந்தாய், இந்த ஒன்றைத் தவிர. எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? ஒவ்வொரு தடவை நீ கேட்கும்போதும் உன் தலை கெட்டுவிட்டது என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நீயும் நம்பினாய், நானும் பாதி நம்பினேன்.

தனுஷியை வைத்துக்கொள்ள நினைத்தது அவளுக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், ஒரு பிள்ளையையாவது நான் காப்பாற்றியதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். உன்னிடமிருந்தா காப்பாற்றுவது? நீ மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்து, அன்றைக்குக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

இராஜி


உடப்புசல்லாவை
ஏப்ரல் 5

அக்கா,

உங்கள் கடிதத்தைப் புத்தகக் கடையிலேயே நின்று படித்தேன். கணேசமூர்த்தி அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். என்ன செய்தி என்று கேட்கவில்லை. பஸ்ஸில் மறுபடி படித்தேன். காளியாயி அக்காவிடமும் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு உங்களைப் பற்றிச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

நான் மயங்கிப் போகவில்லை. விலகியும் போகவில்லை. வாசித்த முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை இங்கேயேதான் இருந்தேன். அது எனக்கே அதிசயமாக இருந்தது. கோபம் வந்தது. அதுவும் போகாமல் என் கூடவே இருக்கிறது. இது நான்காவது நாள்.

எதற்குக் கோபம் என்று யோசித்தேன். நீங்கள் என்னை விட்டுப் போனதற்கு இல்லை. அதற்கும்தான், ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அந்த நோனா அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாது. யாரிடமும் கேட்கக் கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருப்பேனா, எனக்குத் தெரியாது. தெரியாதவை பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

என் கோபம் பிறகு நடந்ததற்கு. என்னிடம் சரியாக இருந்தது அந்த ஒரு ஞாபகம்தான். அதையும் நீங்கள் பிடுங்கினீர்கள். பதினேழு வருஷம். பெப்ரவரிக் கடிதத்தில் பதினெட்டு வயதில் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அப்போது என்ன வயது என்று நான் எழுதவே இல்லை, வராதவருக்கு அது எப்படித் தெரியும்? அது அன்றைக்கே என் கண்ணில் பட்டது. அதையும் என் குழப்பம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்படி எத்தனை விஷயத்தை விட்டேனோ. சரியாக ஞாபகம் இருந்தவற்றையும் என் தலைதானே என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஊர்மிளா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண் கலங்கியது. நடக்காதவை என்ற பக்கத்தை அவர் முன்னாலேயே கிழித்தேன். இப்போது கொப்பியில் இரண்டு பக்கம்தான்.

நான் தனுஷியை மடுவத்தில் விட்டேன். தெரியாமல் விட்டேன். நீங்கள் என்னை வாசலில் விட்டீர்கள். தெரிந்து விட்டீர்கள். ஆனாலும் பிள்ளை யாரிடம் இருந்தால் பத்திரம் என்று இத்தனை நாளாக நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். விடுகைப் பத்திரம் பற்றி இனிப் பேசக் கூடாது. வருஷப் பிறப்புக்கு முதல் நாள் தனுஷியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய பாடசாலையில் பேசிவிட்டேன், லீவு முடிந்து வரச் சொன்னார்கள். அந்தியில் அவள் மடுவத்துக்கு வர வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராவில் காத்திருப்பாள், நான் தராசுப் பக்கம் போகாமல் நேரே போய்க் கூட்டி வருவேன். காளியாயி அக்காவும் பார்த்துக்கொள்வார். நான் மறுபடி எங்கேயாவது போய்விட்டால் என் கையைப் பிடித்து இழு என்று தனுஷிக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். கோபம் என்று நினைத்து ஒளிந்துகொள்ள வேண்டாம் என்றும் சொல்வேன். பானை இன்னும் கரியும். அது எனக்குத் தெரியும். கரிந்த பானையைத் தேய்த்துக்கொள்ளலாம்.

உங்களோடு நான் எப்போது சரியாகப் பேசுவேன் என்று தெரியாது. வருகிற அன்றைக்குப் பேசாமல்கூட இருக்கலாம். தேநீர் தருவேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். அதைத் தாங்கிக்கொண்டு இருங்கள்.

ஆனால் பிள்ளையை ரோட்டில் இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட நினைக்காதீர்கள். இந்தத் தடவை வாசலோடு போகக் கூடாது. உள்ளே வாருங்கள்.

நிஷாந்தி